டேப் போகவில்லை ஐயா, ஹெட்தான் போயிருக்கிறது

"டேப் போயிடுச்சு சார், இதுக்கு மேல வராது."

வீட்டில் பழைய ஸ்பூல் டேப் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேராவது இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். சிடியாகவோ பென் டிரைவாகவோ மாற்றித் தரும் கடைகளில் இதைத்தான் சொல்கிறார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். ஐம்பது வருடத்து டேப்தானே, போயிருக்கும், நமக்கே காது மந்தமாகிவிட்டதே என்று சமாதானம் செய்துகொள்கிறோம்.

நான் அந்த வாக்கியத்தை நம்புவதில்லை. அரசுத் துறை ஒன்றின் ஒலிப்பதிவுப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பூல் மெஷின்களைப் பிரித்து மாட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பத்து டேப் "போய்விட்டது" என்றால் அதில் பெரும்பாலானவை போகவில்லை. போனது, அதைப் படிக்கும் ஹெட். அல்லது ஹெட்டில் ஒட்டியிருக்கும் அழுக்கு. அல்லது ஹெட் கோணலாக நிற்பது. பழி மட்டும் டேப்புக்கு. மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமல், புத்தகத்தில் எழுத்து அழிந்துவிட்டது என்று சொல்வதைப் போன்ற கதை இது.

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்றால், அந்த வாக்கியத்துக்கு அடுத்ததாக இன்னொரு வாக்கியம் வருகிறது. "காப்பி பண்ணியாச்சு, இந்த டேப்பை நாங்களே டிஸ்போஸ் பண்ணிடட்டுமா சார்?" அங்கேதான் விஷயம் முடிந்துபோகிறது. அரைகுறையாகப் படித்து ஒரு நகல், மூலம் குப்பையில். பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, ஹெட் என்பது என்ன, அது ஏன் கெடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஈஜி நிறுவனம் தன் மேக்னட்டோஃபோன் மெஷினை முதன்முதலாகக் காட்டியது. அதில் இருந்த ஹெட்டை வடிவமைத்தவர் எட்வர்ட் ஷூலர் என்ற பொறியாளர். அதற்கு முன் இருந்தவை ஊசி முனை போன்ற காந்தங்கள்; காகித டேப்பைக் கீறிவிடும். ஷூலர் செய்தது ஒரு வளையம். வளையத்தில் கம்பிச் சுருள். டேப்பைத் தொடும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய இடுக்கு. அந்த இடுக்கின் வழியாகத்தான் காந்தப்புலம் டேப்புக்குள் போகும், டேப்பிலிருந்து திரும்பியும் வரும். அன்றைக்கு அவர் செய்த வடிவம்தான் பின்னாளில் குருண்டிக், ஃபிலிப்ஸ், அக்காய், ரெவாக்ஸ் எல்லாவற்றிலும், கடைசியில் கேசட்டிலும் வந்தது.

வீட்டு மெஷினில் அந்த இடுக்கின் அகலம் இரண்டு மூன்று மைக்ரான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அப்படியென்றால் எவ்வளவு நுணுக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடுக்கின் மேல் துருத்தூள் பூசிய பிளாஸ்டிக் நாடா விநாடிக்கு 3¾ அங்குலமோ 7½ அங்குலமோ உரசிக்கொண்டே ஓடுகிறது. மிருதுவான உலோக ஹெட்டாக இருந்தால் தேயாமல் என்ன செய்யும்? அக்காயின் கண்ணாடி பதித்த ஃபெரைட் ஹெட் போன்றவை சுலபத்தில் தேயாது. நம் ஊரில் புழங்கிய பெரும்பாலான மெஷின்களில் இருந்தது மிருதுவான உலோகம்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் உங்களை ஏமாற்ற முடியாது.

நம் வீடுகளில் கச்சேரிகளை ஏன் 3¾ அங்குல வேகத்தில் பதிவு செய்தார்கள்? டேப் விலை. 7 அங்குல ஸ்பூலில் 1,800 அடி லாங் பிளே டேப் சுற்றியிருக்கும். 3¾ வேகத்தில் ஒரு பக்கம் 96 நிமிடம். திருப்பிப் போட்டால் இன்னொரு 96. வர்ணத்தில் ஆரம்பித்து மங்களம் வரை மூன்று மணி நேரக் கச்சேரி ஒரே ஸ்பூலில் அடங்கிவிடும். இதே டேப் 7½ வேகத்தில் பாதி நேரம்தான் ஓடும். சம்பளக்காரர்கள் எல்லோரும் 3¾ பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

3¾ அங்குலம் என்பது விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் நீளம் 9.5 மைக்ரான். தம்புராவின் ஜீவா, கஞ்சிராவின் சலங்கைத் தட்டு, புல்லாங்குழலில் வித்வானின் மூச்சு, பாடுகிறவரின் "ஸ" எழுத்து, இவற்றின் உயிரெல்லாம் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் நிறைய இருக்கிறது.

ஹெட்டின் மேல் ஒரு மைக்ரான் கனத்துக்கு அழுக்கு படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேப் ஹெட்டைத் தொடாமல் ஒரு மைக்ரான் தள்ளி ஓடுகிறது. மேலே சொன்ன 9.5 மைக்ரான் அலைக்கு ஏற்படும் நஷ்டம் ஆறு டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது வர வேண்டிய மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி காலி. இரண்டு மைக்ரான் என்றால் கால்வாசிதான் மிச்சம். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி சத்தத்துக்கு, அதாவது நீளமான அலைகளுக்கு, ஒன்றுமே ஆகாது. கேட்பவருக்கு எப்படி இருக்கும்? போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். உடனே, "டேப் போயிடுச்சு சார்."

அடுத்தது கோணல். ஹெட்டின் இடுக்கு, டேப் ஓடும் திசைக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். இதைத்தான் அஸிமத் என்கிறோம். வீட்டு மோனோ மெஷினில் ஒரு டிராக்கின் அகலம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஹெட் வெறும் கால் டிகிரி சாய்ந்தால் போதும். டிராக்கின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையில் ஒன்பது பத்து மைக்ரான் முன்பின் ஆகிவிடும். 10,000 ஹெர்ட்ஸ் அலையின் முழு நீளமே அவ்வளவுதான் என்று பார்த்தோம் அல்லவா? மேல் பாதி ஏறும்போது கீழ் பாதி இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம். 5,000 ஹெர்ட்ஸிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

கால் டிகிரி! கடிகாரத்தின் நிமிட முள் இரண்டரை விநாடியில் நகரும் கோணம் அது. மெஷினை மாடியிலிருந்து இறக்கும்போது ஒரு குலுக்கல் போதும். ஐம்பது வருடத்தில் அஸிமத் ஸ்க்ரூவின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் போதும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் டேப்பைப் பதிவு செய்த மெஷின் வேறு, இப்போது ஓட்டும் மெஷின் வேறு. அந்த மெஷினின் ஹெட் அன்றைக்கு எந்தக் கோணத்தில் நின்றதோ, அந்தக் கோணத்தில்தான் டேப்பில் எழுதியிருக்கிறது. எழுதிய கோணத்தில் படித்தால்தான் முழுசாக வரும்.

சில "நிபுணர்கள்" இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "ஸ்க்ரூவைத் தொடக் கூடாது சார், ஃபேக்டரி செட்டிங், பெயின்ட் சீல் இருக்கு." மெஷினுக்குப் பூஜை செய்கிறவர்கள் இவர்கள். ஃபேக்டரியில் வைத்தது ஒரு தரமான அளவு டேப்பை வைத்து. சித்தப்பா 1966இல் பதிவு செய்த டேப்புக்கும் அந்த அளவுக்கும் என்ன சம்பந்தம்? ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐஏஎஸ்ஏ, டிஜிட்டல் மாற்றத்துக்கு என்றே டிசி-04 என்ற வழிகாட்டி நூலை வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு டேப்புக்கும் அஸிமத்தைத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் உள்ள அடிப்படையான பாடங்களில் ஒன்று. உலகத்துக் காப்பகங்கள் எல்லாம் தொடுகிற ஸ்க்ரூவை நம் ஊர்க் கடை மட்டும் தொடாதாம்.

இதற்கு நேர் எதிரான கோஷ்டியும் உண்டு. "ஹெட் தேஞ்சுடுச்சு, மாத்திடலாம்." எதை எடுத்தாலும் மாற்றல். ரிச்சி தெருவில் ஏதோ ஒரு ஹெட்டை வாங்கி, துளை பொருந்தாவிட்டால் பசை வைத்து ஒட்டி, கம்பியைப் பற்றவைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு நண்பர் வீட்டு வால்வு மெஷினில் இப்படி ஒரு மாற்று ஹெட்டைப் பார்த்தேன். அது கேசட் டெக்கில் இருந்து கழற்றியது! கேசட் டேப்பின் அகலம் ஸ்பூல் டேப்பில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். அதன் ஹெட் படிப்பதும் அந்தக் குறுகலான டிராக்கைத்தான். அதை வைத்தவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. கேட்பவருக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஹெட் மாற்றுவதில் நான்கு விஷயம் பொருந்த வேண்டும். முதலாவது டிராக் அமைப்பு. அரை டிராக் டேப்புக்கு அரை டிராக் ஹெட், கால் டிராக்குக்குக் கால் டிராக். அரை டிராக் ஹெட்டில் கால் டிராக் டேப்பை ஓட்டினால் மறுபக்கத்துப் பதிவும் தலைகீழாகச் சேர்ந்து கேட்கும். கால் டிராக் ஸ்டீரியோ ஹெட்டில் அரை டிராக் மோனோ டேப்பை ஓட்டினால் இடது சேனலில் பாட்டும், வலது சேனலில் மறுபக்கம் பின்னோக்கி ஓடுவதும் வரும். இதைக்கூடக் கவனிக்காமல் இரண்டையும் கலந்து கொடுத்த சிடியை நான் கேட்டிருக்கிறேன். பேய் பேசுவது போல இருந்தது.

இரண்டாவது, சுருளின் மின் குணம். வால்வு மெஷினின் ஹெட்டில் சுற்று அதிகம், இன்டக்டன்ஸ் அதிகம். டிரான்சிஸ்டர் மெஷினில் பெரும்பாலும் குறைவு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சத்தமும் குறையும், ஒலியின் தன்மையும் மாறும். மூன்றாவது உயரம். டேப்பின் டிராக்கும் ஹெட்டின் டிராக்கும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். நான்காவது, முன்பின் சாய்வு, இடுக்கு டேப்பின் நடுவில் படும் கோணம், கடைசியாக அஸிமத். இவ்வளவும் பார்த்த பிறகு, அந்த மெஷினில் புதிதாகப் பதிவும் செய்ய வேண்டும் என்றால் பயாஸையும் ஈக்வலைசேஷனையும் மறுபடி வைக்க வேண்டும். பழைய டேப்பைக் கேட்க மட்டும்தான் என்றால் அந்தக் கடைசி வேலை தேவையில்லை.

உண்மையில் ஹெட்டை மாற்ற வேண்டிய நிலை எப்போது வரும்? சுருள் அறுந்திருந்தால். அல்லது தேய்ந்து தேய்ந்து இடுக்கே வாயைப் பிளந்துவிட்டால். மற்றபடி ஹெட்டின் முகத்தில் டேப்பின் அகலத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் விழுந்திருக்கிறது என்றால், விஷயம் தெரிந்தவர் கையில் அதை மிக நுண்ணிய தாளில் தேய்த்து மறுபடி உருண்டையாக்கி வழவழப்பாக்க முடியும். அரிவாளுக்குச் சாணை பிடிப்பது போலத்தான், ஆனால் அதைவிடப் பொறுமையான வேலை. ஒரு ஹெட் இதை ஓரிரு தடவை தாங்கும். மாற்றுவது கடைசி வழி. முதல் வழி அல்ல.

சுருள் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மீட்டர் அனுப்பும் நேர்மின்சாரம் ஹெட்டைக் காந்தமாக்கிவிடும். பார்த்த பிறகு டீமேக்னடைஸ் செய்யாமல் டேப்பைப் போட்டால், ஒவ்வொரு ஓட்டத்திலும் டேப்பில் இரைச்சல் ஏறும், மெல்லிய ஒலிகள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். சோதித்தே கெடுப்பது என்பார்களே, அது இதுதான்.

அடுத்த வீட்டு டீச்சரின் கதையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். 1969இல் அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். அதில் அவர்களுடைய அம்மா, பேரனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு 5 அங்குல ஸ்பூல். அம்மா அதற்கு அடுத்த வருடம் போய்விட்டார். அவர் குரல் இருப்பது உலகத்தில் அந்த ஒரு நாடாவில்தான்.

டீச்சர் அதை ஒரு கடையில் கொடுத்து சிடியாக்கினார். என்னிடம் போட்டுக் காட்டினார். தொட்டில் கிரீச்சிடும் சத்தம் மழுங்கிக் கேட்டது. குரல் கேட்டது. ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ராகம் தெரியுது சார், என்ன பாடுறாங்கன்னு தெரியலை. டேப் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க" என்றார். "டேப் எங்கே?" என்று கேட்டேன். நல்ல வேளை, கடையில் தூக்கிப் போடக் கேட்டதற்கு அவருக்கு மனசு வரவில்லையாம். பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்திருந்தார்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என்னிடம் இருக்கும் மெஷினின் ஹெட்டைப் பஞ்சுக் குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்தேன். டீமேக்னடைஸ் செய்தேன். டேப்பைப் போட்டேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காந்தம் ஏறாத திருப்புளியால் அஸிமத் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கால் சுற்றுக்கும் குறைவு. முதலில் தொட்டில் கொக்கியின் கீச்சு பளிச்சென்று வந்தது. பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. டீச்சரைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "எங்க அம்மாவுக்கு 'ழ' நல்லா வரும் சார், மறந்தே போயிட்டேன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த டேப்பில் எதுவும் போகவில்லை. கடைக்காரர் சொன்னதை நம்பி அன்றைக்கே தூக்கிப் போட்டிருந்தால் போயிருக்கும். நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

இனி, வழக்கமாக என்னிடம் வாதாடுகிறவர்களுக்கு.

"எப்படிக் காப்பி பண்ணினாலும் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாமே அங்கிள்" என்பது பேரன் தலைமுறையின் வாதம். முடியாது கண்ணா. கோணலான ஹெட்டில் உயர்ந்த ஒலிகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு இரைச்சலுக்குக் கீழே போய்விட்டன. வராத ஒன்றை எதை வைத்துத் தூக்குவாய்? டிரெபிளை ஏற்றினால் ஏறுவது இரைச்சல்தான். ஸ்டீரியோவில் இரண்டு சேனலுக்கு இடையில் உள்ள காலதாமதத்தைக் கம்ப்யூட்டர் சரிசெய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஒரே டிராக்குக்குள் தொலைந்ததை அது கொண்டுவராது.

இதில் இன்னொரு கொடுமை, இரைச்சல் நீக்கும் மென்பொருள். விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதை எல்லாம் அது இரைச்சல் என்று நினைக்கும். நம் சங்கீதத்தில் விடாமல் ஒலிப்பது எது? தம்புரா! கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்திவிட்டால், சுருதி இல்லாத கச்சேரி கிடைக்கும்.

"எல்லாம் யூடியூபில் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். இருக்கிறது. அதில் எத்தனை, ஸ்பூலிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து எம்பி3 என்று நான்காம் கை மாறியது என்று யோசித்தீர்களா? ஒவ்வொரு கையிலும் ஒரு ஹெட், ஒவ்வொரு ஹெட்டிலும் ஒரு கோணல். இன்றைய பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, பழைய வித்வான்கள் குரலே மந்தம்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். பாடியவர் மேலே பழி. அது போகட்டும், டீச்சரின் அம்மா யூடியூபில் இருக்கிறாரா? உங்கள் அப்பா இருக்கிறாரா?

"செலவு அதிகம், மெஷின் கிடைக்காது" என்பது மூன்றாவது. மெஷின் குறைவுதான். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு பழைய சாமான் தேடுவதற்கு அப்படி ஓர் இடம் நமக்கு வாய்க்கவில்லை. ஆனால் பல வீடுகளில் குருண்டிக்கும் அக்காயும் ஹாலில் அலங்காரப் பொருளாக உட்கார்ந்திருக்கின்றன, மேலே பூச்சாடியோடு. ஹெட்டைத் துடைக்க ஆகும் செலவு ஒரு காபிக்கு ஆகும் செலவு. அஸிமத்தைத் திருப்ப ஆகும் செலவு பத்து நிமிடம். செலவு ஒரு காரணம் அல்ல. பத்து நிமிடம் செலவிட்டால் ஒரு நாளைக்கு இருபது டேப் ஓட்ட முடியாது என்பதுதான் காரணம்.

இதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே கெட்ட டேப்புகள் உண்டு. பழைய அசிடேட் டேப்பில் காடி வாசனை வரும், சுருங்கி நெளியும். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும். 1970களிலும் 80களிலும் வந்த, முதுகில் கறுப்புப் பூச்சு உள்ள சில பாலியஸ்டர் டேப்புகள் பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கீச்சென்று கத்தும். அவற்றுக்குக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வைத்து எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். அசிடேட்டுக்கு அதைச் செய்யவே கூடாது. ஆனால் கெட்ட டேப் எது, கெட்ட ஹெட் எது என்று பிரித்துப் பார்க்க, முதலில் நல்ல ஹெட் ஒன்று வேண்டாமா?

காலமும் அதிகம் இல்லை. யுனெஸ்கோவும் ஐஏஎஸ்ஏவும் சேர்ந்து காந்த டேப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கைத் திட்டமே 2019இல் தொடங்கின. டேப் அழிவதைவிட மெஷினும், உதிரி பாகமும், அதைத் தெரிந்த ஆட்களும் முதலில் அழிகிறார்கள் என்பதுதான் அவர்களுடைய கவலை. என்னோடு வேலை பார்த்தவர்களில் இன்றைக்குத் திருப்புளியைக் கை நடுங்காமல் பிடிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும்.

ஆகையால், டேப்பைக் கடையில் கொடுக்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், பணம் கொடுப்பது நீங்கள்.

1. என் டேப் அரை டிராக்கா, கால் டிராக்கா? எந்த ஹெட்டில் ஓட்டப் போகிறீர்கள்?

2. ஒவ்வொரு டேப்புக்கும் முன்னால் ஹெட்டைத் துடைக்கிறீர்களா? நான் பார்க்கலாமா? துடைத்த பஞ்சில் பழுப்பு நிறம் வராத வரை துடைக்க வேண்டும்.

3. என் டேப்புக்கு அஸிமத்தைத் திருப்பிப் பார்ப்பீர்களா? "அது என்ன சார்?" என்று கேட்டால் டேப்பை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

4. இரைச்சல் நீக்காத, சுருக்காத நகல் ஒன்று தருவீர்களா? 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். காதுக்கு வேண்டிய எம்பி3ஐ அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

5. டேப்பைத் திருப்பித் தருவீர்களா? இதற்கு ஒரே பதில்தான் உண்டு.

வீட்டிலேயே மெஷின் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தைரியம் கொள்ளுங்கள். முதலில் ரிக்கார்ட் பட்டனைத் தவறியும் அழுத்தாதபடி ஒரு துண்டு ஒட்டு நாடாவை ஒட்டுங்கள். ஹெட்டுக்கு முன்னால் கம்பளித் துண்டு போல ஒரு பிரஷர் பேட் இருந்தால் அது இறுகிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். டீமேக்னடைஸ் செய்யும்போது மெஷின் அணைந்திருக்க வேண்டும், டேப்புகள் அடுத்த அறையில் இருக்க வேண்டும். கருவியை மெதுவாக ஒரு கை நீளத்துக்கு விலக்கிய பிறகே அணைக்க வேண்டும். அஸிமத் ஸ்க்ரூ எந்த நிலையில் இருந்தது என்று ஒரு புள்ளி வைத்துக்கொண்டு திருப்புங்கள். முக்கியமில்லாத ஒரு டேப்பில் பழகிவிட்டு, பிறகு உங்கள் பொக்கிஷத்தை எடுங்கள்.

காது மந்தமாகிவிட்டதே, உயர்ந்த ஒலி எனக்கு எங்கே கேட்கும் என்று தயங்குகிறீர்களா? பேத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் திருப்புங்கள், அவள் கேட்கட்டும். "இப்போ தெளிவா இருக்கு தாத்தா" என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். யார் பாடுவது என்று அவள் கட்டாயம் கேட்பாள். அதற்கும் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.